துணைக்குப் போனவர்கள்

அவர் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர், நான் கும்பகோணத்துக்காரி. அவருக்குக் கடல், எனக்குக் காவிரி. அவருக்கு எம்.எஸ். விஸ்வநாதன், எனக்கு இளையராஜா. மாஸ்கோவில் அச்சான ரஷ்ய நாவல்களை அவர் தேடித் தேடி வாங்குவார். நான் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துப் படிப்பேன். கர்நாடக சங்கீதம் ரேடியோவில் வந்தால் அவர் எழுந்து போய்விடுவார். எனக்கு மார்கழி பிறந்தால் மனம் வீட்டில் தங்காது. 1982இல் எங்களுக்குத் திருமணம் பேசியபோது பெரியவர்கள் ஜாதகம் பார்த்தார்கள், குடும்பம் பார்த்தார்கள், உத்தியோகம் பார்த்தார்கள். ரசனையை யாரும் பார்க்கவில்லை. அன்று அது வழக்கமில்லை.

இன்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வேறொன்றைப் பார்க்கிறார்கள். கரகரப்பிரியா ஆலாபனையைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலை மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பவள் நான். “ரெண்டு பேருக்கும் எல்லாம் ஒத்துப்போகுது அத்தை” என்கிறாள் மருமகள். எல்லாம் ஒத்துப்போகவில்லை. ஒருவர் விரும்பியது இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது எப்படி நடந்தது, அவரிடம் மட்டும் ஏன் அவ்வளவு தாமதமாக நடந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தத் தாமதத்துக்கான காரணம் எங்கள் வீட்டோடு முடிகிற விஷயமில்லை.

கல்யாணமான புதிதில் மந்தைவெளியில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெளியே கிளம்புவோம். எங்கே என்பதை அவர்தான் சொல்வார். அதை அதிகாரம் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஊர் அவருடையது, எந்தத் தெரு எங்கே முடியும், எந்தப் பல்லவன் பஸ் எங்கே நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். நானும் பள்ளிக்கூட ஆசிரியை, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவள். ஆனால் சம்பளக் கவரைப் பிரிக்காமல் மாமியாரிடம் கொடுப்பது அப்போது பல வீடுகளில் முறை. எங்கள் வீட்டிலும் அதுதான் முறை. பஸ்ஸுக்கான சில்லறை அவர் சட்டைப்பையிலிருந்து வரும். யார் பையிலிருந்து காசு வருகிறதோ, அவர் சொன்ன இடத்துக்குத்தான் எல்லாரும் போக முடியும்.

பெரும்பாலும் மெரினாவுக்குப் போவோம். கடற்கரைச் சாலையில் அவர் முன்னால் நடப்பார், நான் சில அடி பின்னால் நடப்பேன். அன்று தெருவில் பெரும்பாலான தம்பதிகள் அப்படித்தான் நடந்தார்கள். உழைப்பாளர் சிலை வந்தால் மட்டும் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருப்பார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959இல் வைத்தது என்று ஆரம்பித்து, அந்த நான்கு பேரும் பாறையைப் புரட்டும்போது யாருடைய முதுகு எப்படி வளைகிறது, எந்தத் தசை எப்படி இறுகுகிறது என்று விரலால் காட்டுவார். அதுவரை எனக்குச் சிலை என்றால் கோயில் சிலைதான். சாமியும் அல்லாத, ராஜாவும் அல்லாத, பெயரே இல்லாத கூலிக்காரர்களுக்கு ஓர் ஊர் இவ்வளவு பெரிய சிலை வைக்கும் என்பதை அவர் காட்டித்தான் அறிந்தேன். பிறகு மணலில் உட்கார்ந்து தேங்காய் மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல் சாப்பிடுவோம். கடல் எனக்கு முதலில் பயம் தந்தது. காவிரியில் மறுகரை தெரியும். இதில் ஒன்றும் தெரியாது. போகப்போக அந்தத் திறப்பு எனக்குப் பிடித்துவிட்டது.

அடுத்து மூர் மார்க்கெட். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கடைக்காரர்களோடு விலை பேசி, குவியலின் அடியிலிருந்து ஒன்றை உருவி எடுத்து, தூசி தட்டிப் பிரித்துப் பார்ப்பார். மவுண்ட் ரோடு பக்கம் போனால் சோவியத் புத்தகங்கள். முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்கள் மாதச் சம்பளக்காரர்கள் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. அவர் தேடுவார், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்படி நின்ற ஒரு நாள்தான் ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த ‘புத்துயிர்ப்பு’ என் கைக்கு வந்தது. வசந்தகாலக் காலையில் ஒரு பெண்ணைச் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். அவள் வாழ்க்கையை முன்பு கெடுத்தவனே அங்கே ஜூரியாக உட்கார்ந்திருக்கிறான். கடை வாசலில் நின்றபடியே படித்தேன். “போலாமா?” என்று அவர் கேட்டபோது, “இதையும் வாங்கிக்கலாங்க” என்றேன். நான் கேட்டு அவர் வாங்கிய முதல் புத்தகம் அது.

1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையக் கட்டடம் நிற்கிறது. தீப்பிடித்த செய்தி வந்த அன்று அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. அதற்குள் அது என் கடையும் ஆகியிருந்தது.

சினிமாவும் அவர் விருப்பம்தான். 1964இல் கட்டிய சஃபையர் வளாகத்தில் ப்ளூ டைமண்ட் அரங்கில் தொடர்காட்சி நடக்கும். எந்த நேரத்திலும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். பாதிப் படத்தில் நுழைந்து, நுழைந்த இடம் திரும்பி வரும்வரை பார்க்கலாம். முதலில் எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் முடிவு முன்பே தெரிந்துவிட்டதால் காமிரா எங்கே நிற்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்றெல்லாம் கவனிக்கக் கண் பழகியது. இங்கிலீஷ் படத்தைக் கதை தெரியாமலேயே ரசிக்க எனக்கு வந்தது அந்த இருட்டில்தான்.

படம் விட்டால் கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962 முதல் நடந்த ஓட்டல் அது. கார் வைத்திருந்தவர்களுக்குக் கார் ஜன்னலிலேயே தட்டை மாட்டிப் பரிமாறுவார்கள். நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கி, உள்ளே நடந்து, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். “ரெண்டு ரவா தோசை, ரெண்டு காபி” என்று எனக்கும் சேர்த்து அவரே சொல்லிவிடுவார். எனக்குப் பிடித்தது பூரி. அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட அந்த வருடங்களில் எனக்குத் தோன்றவில்லை.

இப்படியே ஆண்டுகள் போயின. 1986இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ வந்தது. எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த படம். அந்தப் பாட்டுகளை அவர் எம்.எஸ்.வி. பாட்டு என்பார், நான் ராஜா பாட்டு என்பேன். ஆனால் அந்த வாக்குவாதம் நடந்த காலத்திலேயே எனக்கு எம்.எஸ்.வி. மெட்டுகள் அத்தனையும் மனப்பாடம் ஆகியிருந்தன. அவருக்கு ராஜாவின் பாட்டு இரண்டோ மூன்றோ தெரியும். கடல், ரஷ்ய நாவல், ஆங்கிலப் படம், எம்.எஸ்.வி. என்று அவருடைய விருப்பங்கள் ஒவ்வொன்றாக என்னிடம் வந்து சேர்ந்துவிட்டன. என்னுடையது எதுவும் அவரிடம் போகவில்லை. காவிரிக்கரைக் கோயில்கள், சங்கீதம், தொடர்கதைகள் எல்லாம் என்னோடே இருந்தன.

அவர் கல் மனதுக்காரர் என்பதனால் அல்ல. நான் அவரோடு போனேன், பார்த்தேன், உட்கார்ந்தேன், அதனால் மாறினேன். அவர் என்னோடு எங்கும் வரவில்லை, அதனால் மாறவில்லை. துணைக்குப் போகிறவர்தான் மாறுகிறார். வாதம் செய்து அவரை நானோ என்னை அவரோ ஒருநாளும் மாற்றியதில்லை.

1990களின் நடுவில் இந்தப் போக்கு திரும்பியது. முதலில் பணம் திரும்பியது. மாமியார் காலமாகியிருந்தார். பள்ளியில் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தார்கள். பாஸ்புக் என் பெயரில் இருந்தது. அந்த மார்கழியில் உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவரோடு கச்சேரிக்குக் கிளம்பினேன். மதியக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. வளர்ந்துவருகிற இளம் பாடகர்கள் பாடுவார்கள். அரைப் பரீட்சை விடுமுறையும் மார்கழியும் சேர்ந்து வருவது ஆசிரியைகளுக்கு ஒரு வசதி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பி வருவதற்குள் சாதம் வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டிருப்பார்.

சில வருடங்களில் அந்த ஆசிரியை ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குள் மாலைக் கச்சேரிகளுக்கும் போகத் தொடங்கியிருந்தேன். அவை முடிய ஒன்பதரை ஆகும்.

“அந்நேரத்துக்குத் தனியா எப்படி வருவே? நானும் வர்றேன்” என்றார்.

“உங்களுக்குத்தான் பிடிக்காதே.”

“பிடிக்கலைன்னா என்ன, பின்னாடி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன்.”

சொன்னபடி செய்தித்தாளோடுதான் வந்தார். சில நாள் படித்தார், சில நாள் தூங்கினார். ஒரு மாலை பாடகி ஒருவர் கரகரப்பிரியாவை விரிவாக எடுத்துக்கொண்டிருந்தார். இவர் பேப்பரை மடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, “இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே” என்றார். ‘இரு மலர்கள்’ படத்தில் எம்.எஸ்.வி. இதே ராகத்தில் ஒரு பாட்டுப் போட்டிருப்பதைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் தனக்குத் தெரிந்த பாட்டுகளைச் சொல்லி, அது என்ன ராகம், இது என்ன ராகம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவருடைய எம்.எஸ்.வி. என்னிடம் முன்பே வந்து சேராமல் போயிருந்தால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அடுத்த டிசம்பரில் எந்தச் சபாவில் யார் என்ற பட்டியலைப் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டியவர் அவர்.

இன்னொன்று கண்ணகி. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் வைத்த கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் அகற்றினார்கள். ஊரே அதைப் பற்றிப் பேசியது. எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது.

“ஒரு ஊரையே எரிச்சவளுக்குச் சிலை எதுக்கு?” என்றார்.

“எரிச்சது கடைசியில. அதுக்கு முன்னாடி சபைக்குப் போய் ராஜாவைக் கேள்வி கேட்டாளே, அதுக்குத்தான் சிலை” என்றேன்.

தனியாக ஒரு பெண், ஊர் புதிது, கணவன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். அவள் வாயிற்காவலனிடம் சொல்லி அரசவைக்குள் போய், சிலம்பை உடைத்து, மாணிக்கப் பரல்களைக் காட்டி நிரூபிக்கிறாள். தன் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டு பாண்டியன் அங்கேயே உயிர்விடுகிறான். தீயிடம்கூட முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொன்னாள் என்று இளங்கோ எழுதியிருக்கிறார். இதையெல்லாம் வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். முன்பென்றால் ‘சரி சரி’ என்று நகர்ந்திருப்பார். அந்த முறை என் அலமாரியிலிருந்து சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டுபோய் வழக்குரை காதையை உரையோடு படித்தார். 2006இல் சிலை மீண்டும் அதே சாலையில் வைக்கப்பட்டபோது நான், “போய்ப் பார்க்கணுங்க” என்றேன். போனோம். உழைப்பாளர் சிலை முன் நிற்பதுபோலவே அங்கும் நின்றார். “நீ படிக்கிறியே அந்த ரஷ்ய நாவல், அதுல வர்றவ கோர்ட்ல அழுதா. இவ கேள்வி கேட்டா” என்றார். ‘புத்துயிர்ப்பு’ படித்த காலம் முதல் என் மனதில் இருந்ததை அவர் வாயால் கேட்டேன்.

அதன் பிறகு புத்தகக் காட்சி. 1977இல் அண்ணா சாலை மதரசா பள்ளியில் சிறிதாகத் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, காயிதே மில்லத் கல்லூரியில் பல வருடம் நடந்து, பிறகு இடம் பெரிதாகி, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. முன்பு அவர் கடைகளுக்கு நான் போனேன். பிறகு, ஒரு மணி நேரம் அவர் கடை, ஒரு மணி நேரம் என் கடை என்று ஆனது. என் கடை வரிசையில்தான் அவருக்கு ராஜம் கிருஷ்ணன் அறிமுகம். ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல்; அந்த மக்களிடையே நேரில் போய்ப் பார்த்து அவர் எழுதியது. என் கணவர் அதை இரண்டே நாளில் முடித்தார். “வால்காவுக்குப் போய்த் தேடினேன், இங்கேயே இருந்திருக்கு” என்றார். நான் பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகளையும் ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார். கதைக்கு நடுவில் அந்தக் காலத்து சோப்பு விளம்பரம், படங்களின் விமர்சனம், ஓவியர்களின் கோட்டுச் சித்திரம் எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு காலத்தின் அன்றாட வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது என்று இப்போது பேரப்பிள்ளைகளிடம் காட்டுகிறார்.

2015 ஜூலை 14 அன்று எம்.எஸ்.வி. மறைந்தார். அன்று நாள் முழுக்க வீட்டில் அவர் பாட்டுதான். இரவில், “கொஞ்சம் ராஜாவையும் போடேன்” என்றார் இவர். “இன்னைக்கு வேண்டாம், எம்.எஸ்.வி.யே இருக்கட்டும்” என்றேன் நான்.

நாங்கள் போன இடங்கள் பல இன்று இல்லை. சஃபையர் இல்லை. டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். மயிலாப்பூர்ச் சாலைகளில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி. நான் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் பக்கத்தில்தான் நடக்கிறோம். திரும்பும் வழியில் ஓட்டலில் அவர் தோசை சொல்கிறார், நான் பூரி சொல்கிறேன்.

இன்றும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. தேர்தல் வந்தால் இருவரும் வேறு வேறு சின்னத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். ஒரே ஆட்டோவில் போய் வருகிறோம். பறக்கும் ரயில் அவருக்கு இந்த ஊரின் நல்ல திட்டங்களில் ஒன்று. எனக்குத் திருமயிலை ரயில் நிலையத்தின் ஆளில்லாத பெரிய தளங்கள் இருட்டிய பிறகு ஒரு பெண் தனியாக ஏறி இறங்குவதற்கான இடமாக இன்னும் தோன்றவில்லை. 1997இலிருந்து இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் சமீபத்தில் அந்த ஸ்டேஷன் படியில் ஒரு விளக்கு எரியாததை அதிகாரியிடம் போய்ச் சொன்னவர் அவர்தான்.

கருத்து வேறுபாட்டைப் பற்றி எனக்கு இப்போது பயமில்லை. யாருடைய விருப்பத்துக்கு யார் துணைக்குப் போகிறார்கள் என்பதில்தான் என் கவனம் இருக்கிறது. ஒருவரே போய்க்கொண்டிருந்தால் ஒருவரே மாறிக்கொண்டிருப்பார்; இன்னொருவர் தனக்குக் கிடைக்கவேண்டியதை அறியாமலே காலத்தைக் கழித்துவிடுவார். எங்கள் வீட்டில் அப்படிப் பல வருடங்களை இழந்தவர் அவர். கரகரப்பிரியாவை இன்னும் முன்பே கேட்டிருக்கலாம் என்று அவரே வருத்தத்தோடு சொல்கிறார். அது ஒரு மனிதரின் குற்றமல்ல. பெண்ணின் சம்பளக் கவரும் அவள் போக விரும்பும் இடமும் மற்றவர்கள் கையில் இருந்த ஏற்பாட்டின் பலன். அந்த ஏற்பாடு மாறியபோது நன்மை எனக்கு மட்டும் வரவில்லை, அவருக்கும் வந்தது.

இப்போது பிள்ளைகள் ஜாதகத்தோடு ரசனையும் பார்க்கிறார்கள். பொருந்தவில்லை என்றால் கலங்குகிறார்கள். கலங்க வேண்டாம். கடைசியாக நீங்கள் இருவரும் வெளியே போனபோது இடத்தைச் சொன்னது யார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். எப்போதும் ஒருவரே சொல்லியிருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர் சொல்லட்டும். உங்களுக்குப் பிடிக்காத இடமாகவே இருந்தாலும் போங்கள், கடைசிவரை உட்காருங்கள்.